ஒன்பதாம் குளத்துக் கிளை

ஒன்பதாம் குளத்துக் கருவிப் பெட்டிக்குள் ஈரமே இல்லை. யூஹான் மூடியைக் கழற்றி விரலை உள்ளே ஓட்டிப் பார்த்தாள். உப்புப் பூக்கவில்லை, ரப்பர் வளையம் புதிதுபோல அழுத்தமாக இருந்தது. தண்ணீர் இறங்கியிருந்தால் எவ்வளவு நிம்மதி என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த நொடியே தன்னை நினைத்துக் கூசினாள்.

முந்தின நாள் பிற்பகல் திங் வீட்டாரின் ஒன்பதாம் விலாங்குக் குளத்தில் மோட்டார் சூடேறி, தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் சக்கரம் நின்றுவிட்டது. தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு என்று அளக்கும் கருவி குளத்துக்குக் குளம் உண்டு. எல்லாம் ஒரே கேபிளில் கோத்தவை, வீட்டுத் திரைக்குத் தகவல் அனுப்புபவை. அன்று திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. வெயில் சாய்வதற்குள் விலாங்குகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. வீட்டுப் பெரியவர் பதறிப்போய் போன் செய்தபோது, கருவிகளை மாட்டித்தந்த யூஹான் பெய்காங் சந்தையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "பெட்டி மேல யாராவது தண்ணி பீச்சியிருப்பாங்க" என்றாள். அந்த வீட்டில் குளத்தங்கரையைக் கழுவுகிறவள் ஒருத்திதான்: துயென், வியட்நாமிலிருந்து வாழ வந்த மருமகள். அது யூஹானுக்குத் தெரியாததல்ல.

இப்போது அவள் கேபிளைப் பிடித்துக்கொண்டே கரையோரம் நடந்தாள். அந்தக் கம்பி ஒரு பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்து அடுத்த பெட்டிக்குள் போகவேண்டும். நடுவில் கிளை பிரியக் கூடாது. வசந்தத்தில் ஒன்பதாம் குளம் வெட்டியபோது சிமெண்ட் பாதையை உடைத்து, போகவொன்றும் திரும்பவொன்றுமாகக் கேபிள் புதைத்திருக்கவேண்டும். மழை வருகிற நேரம். அவள் நாலாம் குளத்துப் பெட்டியிலிருந்தே ஒரு கிளைக் கம்பியை வால்போல இழுத்து, கரை நெடுக ஓடவிட்டுவிட்டாள். போனில் எண் மெதுவாக மாறுகிறது என்று பெரியவர் குறைப்பட, அன்றே சேதி போகிற வேகத்தையும் கூட்டினாள். வால் நீண்டுவிட்டால், அனுப்பிய சேதி அதன் முனையில் முட்டி எதிரொலியாகத் திரும்பிவந்து அடுத்த சேதியின் மேல் விழும். நிதானமாக அனுப்பினால் தாங்கும். வேகத்தில் எல்லாம் குழம்பிவிடும். தொடர்பு அறுந்தால் அடிக்கிற மணி ஒன்றும் இருந்தது. அது ஓயாமல் அடிக்கிறதென்று அவளேதான் அணைத்துவைத்தாள். ஏன் அடிக்கிறது என்று பார்க்கவில்லை.

திருகாணியைத் தளர்த்தி வாலைப் பிரித்தாள். மடிக்கணினியில் எட்டுக் குளங்களின் எண்களும் பிசகாமல் வந்தன. மறுபடி மாட்டினாள், திரை சிவந்தது. வேறு மாதிரி ஆகிவிடாதா என்று இன்னொரு தடவையும் செய்து பார்த்தாள்.

தலைமேல் நிழல் விழுந்தது. துயென் குடை பிடித்து நின்றாள். கண் இமை வீங்கியிருந்தது.

"அக்கா, நான் அந்தப் பெட்டிக்கிட்டயே போகல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

யூஹான் மடிக்கணினியை மூடினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். கேட்டபிறகு தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. துயென் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

முற்றத்தில் திங் அம்மா செத்த விலாங்குகளை ஐஸ் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். பெரியவர் பக்கத்தில் குந்தியிருந்தார். யூஹான் நின்றபடியே சொன்னாள்: "அம்மா, தப்பு என்னோடது. பெட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான் கேபிள் இழுத்த விதம்தான் தப்பு."

திங் அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "உனக்கு இளகின மனசும்மா. அவ முகத்தப் பாத்துட்டு வந்து சொல்ற."

"இல்லம்மா, நெசமாத்தான்."

"படிச்ச பொண்ணு நீ, நீ போட்ட கம்பியா?" என்றார் பெரியவர். "அவளுக்காகப் பேசாதே. அவ கை பட்டா எதுவும் வெளங்காது."

எதிரொலி, வால், வேகம் எல்லாம் விளக்கிப் பார்த்தாள். விளக்க விளக்க அவள் பெருந்தன்மைதான் அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கடைசியில் கத்தினாள்: "சோம்பேறித்தனம்மா! பாதையை உடைக்கச் சோம்பல்பட்டேன். மணியை நிறுத்துனதும் நான்தான். நேத்து நூடுல்ஸ் தின்னுக்கிட்டே, எதையும் பாக்காம, வாய்க்கு வந்ததச் சொன்னேன்!"

திங் அம்மாவின் கை ஐஸுக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சரி. இப்பச் சொல்ற. நேத்து நான் அவளத் திட்டினதத் தெருவே கேட்டுச்சே. என் மகனும் அவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாம ஷிஃப்டுக்குப் போயிட்டான். அத எந்தக் கம்பியில திருப்பி அனுப்புவே?"

பெரியவர் சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தார். லைட்டர் பிடிக்கவில்லை.

யூஹான் வண்டியிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்துவந்து பாதையை உடைக்க ஆரம்பித்தாள். ஆளைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. உள்ளங்கை கொப்பளித்தது. யாரோ எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, உடைந்த சில்லுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்குவது தெரிந்தது.

"விடு துயென், நான் பாத்துக்கறேன்."

"அத்தை வாசல்ல நிக்கிறாங்க." அவள் தலை நிமிரவில்லை. "சும்மா இருந்தா திட்டுவாங்க."

பெரிய பாளம் ஒன்றை இருவருமாகப் புரட்டினார்கள். அடியில் கருஞ்சேறு பளபளத்தது. சிறு நண்டு ஒன்று வெளிச்சத்தில் திகைத்து நின்று, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, துயென் இன்னும் தூக்கிப் பிடித்திருந்த பாளத்தின் நிழலுக்குள்ளேயே போய் ஒண்டிக்கொண்டது. அவள் அதை இறக்கவில்லை.