நேர்ந்து கொடுத்த பாட்டு

கொன்ஸ்ரன்ரைனைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருசம். ஆனாலும் பின்னேரங்களில் அவன் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். அளம்பில் கரையில் வெயில் இறங்கி, மீன் கழுவிய கை காய்ந்ததும், அவன் மனைவி கிறேஸ் கைபேசியைத் தண்ணீர்ப் பானையில் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடுவாள். அதில் அவன் பாடுவான். அரைத் தூக்கத்தில் அடுப்படிக் குசினி முழுக்க உப்புக் காற்று நிறையும். அவன் உடுத்த சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கும். விழித்தால் நிலம் காய்ந்து கிடக்கும். அதனால் அவள் விழிப்பதற்கு அவசரப்படுவதில்லை.

அந்தப் பாட்டு அவனே கட்டியது. ஒருமுறை நடுக்கடலில் எஞ்சின் நின்று, படகு போன போக்கில் போனபோது, "கரையைக் காட்டும், நான் கட்டுற பாட்டு உமக்கு" என்று அந்தோனியாருக்கு நேர்ந்தான். கரை கிடைத்தது. திருநாளன்று கோயிலில் பாடி ஒப்புக்கொடுத்தான். பிறகு ஒருநாள் குசினிக்குள் இருந்து பாடியதை மகள் ஆன்சலா படம் பிடித்து இணையத்தில் ஏற்றினாள். அவளுடைய பழைய கைபேசி களப்புத் தண்ணீருக்குள் விழுந்த பிறகு, அவன் குரல் மிஞ்சியிருந்தது அந்த ஓரிடத்தில்தான்.

ஒரு பின்னேரம் அவன் வரவில்லை. பாட்டு இருந்த இடத்தில் கறுப்புத் திரை. பதிப்புரிமை முறைப்பாட்டால் அகற்றப்பட்டதாம். கிளிநொச்சிப் பாடகன் கிருசாந்தன் அதே பாட்டை வாத்தியங்களெல்லாம் சேர்த்துப் பாடியிருந்தான். அவனுடைய இசைக் கம்பனி பாட்டே தங்களுடையது என்று சாதித்துவிட்டது. செத்த மனுசனை இரண்டாம் தரமும் கொண்டுபோய்விட்டார்களே என்று கிறேஸ் வாய்விட்டு அழுதாள்.

"எங்கட பாட்டு எண்டு எழுதினாக் காணும் அம்மா, திரும்பி வந்திடும்," என்றாள் ஆன்சலா.

"நேந்து குடுத்ததைத் திருப்பி எங்கட எண்டுறதோ? அந்தோனியாரின்ர எண்டு எழுது."

ஆன்சலா தலையில் அடித்துக்கொண்டு அப்படியே எழுதினாள். உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதியை அனுப்பும்படி பதில் வந்தது. அந்தோனியாரோடு கதைக்க ஒரு மெழுகுதிரி போதும் என்று அந்தப் பாவங்களுக்கு யார் சொல்வது!

ஆன்சலா விடவில்லை. கிருசாந்தனைத் தேடிப் பிடித்து நடந்ததையெல்லாம் எழுதினாள். அவன் மறுகிழமையே மோட்டார் சைக்கிளில் புழுதியோடு வந்திறங்கினான்.

"திருநாளிலை சனமெல்லாம் பாடிச்சுது அக்கா. ஆரோ அந்தக் காலத்து ஆக்கள் கட்டினது எண்டு நினைச்சிட்டன்," என்றான். முகம் செத்துப்போயிருந்தது. "பாட்டு உங்கட எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் கம்பனியோட கதைச்சு முறைப்பாட்டை எடுப்பிக்கிறன்."

ஒரேயொரு சொல். சொன்னால் கொன்ஸ்ரன்ரைன் வந்துவிடுவான். சொன்னால் அவன் கடலில் கொடுத்த வாக்குப் பொய்த்துப்போகும். கிறேஸ் கடலைப் பார்த்தாள். அலை வந்து வந்து போனது.

"பாட்டு அந்தோனியாரின்ர. நீங்களும் பாடுங்கோ தம்பி, அவர் கோவிக்கமாட்டார்," என்றாள் கடைசியில். "ஆனா அந்தக் குரலை என்ர மனுசன் ஒருத்தருக்கும் நேந்து குடுக்கேல்லை. அது என்ர. அதைத் தாங்கோ."

கிருசாந்தன் முற்றத்தில் நின்றபடியே கம்பனிக்கு அழைத்தான்.

சில நாள் கழித்து, ஒரு பின்னேரம், கறுப்புத் திரை விலகியது. பாடுவதற்கு முன் கொன்ஸ்ரன்ரைன் தொண்டையைச் செருமினான்.

"கிறேஸ், உந்தக் கதவைச் சாத்து. காத்து இரையுது," என்றான்.

கிறேஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.