இலவச பஸ்ஸில் மூன்றாவது சீட்டு

எங்கள் குழுவுக்கு ஒரே கொள்கைதான்: எல்லாம் இலவசம். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஒன்று உண்டு. அதில் வருவதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் பஸ். அதில் ஓட்டுவதற்கு நம்மூர் பஸ்களை நாங்களே செய்து இணையத்தில் போடுவோம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2007-இல் மதுரை வட்டாரத்தில் இந்த வேலை செய்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டதால் நான் தலைவரானேன். லெட்டர்பேடு அடித்தேன். ரப்பர் ஸ்டாம்பும் செய்தேன். கம்ப்யூட்டர் பஸ்ஸில் ஸ்டாம்பை எங்கே குத்துவது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

வாடிப்பட்டி ஜெயபாண்டி மட்டும் பஸ்ஸுக்கு முப்பது ரூபாய் வாங்கினான். ரீசார்ஜ் கார்டைச் சுரண்டி நம்பரை எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அவன் அதைத் தன் போனில் ஏற்றிக்கொள்வான்; பஸ் மெயிலில் வரும். கலையை விற்கிறான் என்று நான் குழுவில் நாலு பக்கத்துக்கு எழுதினேன்.

எழுதிய மறுநாள், தங்கை ரம்யாஸ்ரீயின் போனிலிருந்து நம்பர் அனுப்பி, அவள் பெயரிலேயே அவனுடைய திண்டுக்கல் பஸ்ஸை வாங்கினேன். எப்படித்தான் செய்கிறான் என்று பார்க்கத்தான். பார்த்தேன். அதன் பக்கத்தில் என் பஸ்கள் தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தன. பச்சையை நீலமாக்கினேன். நம்பர் பிளேட்டை மாற்றினேன். முன் கண்ணாடியில் பெரிதாக 'விஜய்ஆனந்த்' என்று என் பெயரை எழுதி இலவசமாக விட்டேன். ஒரே வாரத்தில் நானூறு பேர் இறக்கினார்கள். "தலைவா, எங்கயோ போயிட்டீங்க" என்றார்கள். நான் அடக்கமாக இருந்தேன். அந்த அடக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் காது சுடுகிறது.

அடுத்து, ஜெயபாண்டியைக் குழுவிலிருந்து நீக்கக் கூட்டம். வரமாட்டான் என்று நம்பித்தான் அவனுக்கும் அழைப்பு அனுப்பினேன்.

தல்லாகுளத்தில் சின்னச்சாமி அண்ணனின் பிரவுசிங் சென்டர். வாசலில் எட்டடி ஃப்ளெக்ஸ்: நான் செல்போனைக் காதில் வைத்துச் சிரிக்கிறேன், பின்னால் நீல பஸ். 'கலை விற்பனைக்கு அல்ல.' ஃப்ளெக்ஸுக்கு அறுநூறு ரூபாய்.

"மீட்டிங்கா இருந்தாலும் மணிக்கு இருவது ரூவாதான் தம்பி," என்றார் சின்னச்சாமி. "ஒங்க கொள்க வேற, ஏங் கரண்டு பில்லு வேற."

ஜெயபாண்டி வந்துவிட்டான். ஒல்லியாக, சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டோடு. ஃப்ளெக்ஸ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பஸ்ஸைப் பார்த்தானா, என்னைப் பார்த்தானா தெரியவில்லை.

"காசு வாங்குறது தப்புன்னு தெரியாதா மாப்ள?" என்று ஆரம்பித்தான் ராகேஷ். என்னோடு படித்தவன், குழுவின் செயலாளர்.

"வீட்ல சிஸ்டம் இல்லண்ணே. மணிக்கு இருவது ரூவா குடுத்துத்தான் செய்றேன். ஒரு பஸ்ஸுக்கு எம்புட்டு மணி நேரம் ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

ராகேஷுக்குத் தெரியாது. அவன் இதுவரை பஸ் செய்ததில்லை. எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் அப்பா வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் இருந்தது.

"சரி, ஓங்கிட்ட எவன் காசு குடுத்து வாங்குறான்? பேரச் சொல்லு பாப்போம்," என்றான் ராகேஷ்.

ராகேஷுக்கு என் தங்கையின் பெயர் நன்றாகத் தெரியும்.

"வாங்குனவங்க பேரச் சொல்றது தொழிலுக்கு அழகில்லண்ணே," என்றான் ஜெயபாண்டி.

"பெரிய தொழிலு! இங்க வா, தலைவர் சும்மாவே குடுத்த பஸ்ஸ ஓட்டிப் பாரு. கத்துக்க," என்று மவுஸை அவன் கையில் திணித்தான் ராகேஷ்.

அந்த நேரம் பார்த்துப் பஜ்ஜி வந்தது. எல்லோரும் தட்டுப் பக்கம் திரும்பினார்கள். திரை முன்னால் அவனும் நானும்தான்.

நாங்களெல்லாம் பஸ்ஸை வெளியிலிருந்துதான் பார்ப்போம். பெயர் அங்கேதானே இருக்கிறது. அவன் அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேராகப் படியேறி உள்ளே போனான். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். முன் சீட்டின் முதுகில், சாவியால் கீறினாற்போல், கோணலான எழுத்து: 'ஜெயபாண்டி + முனீஸ்வரி.' நிஜ பஸ்ஸில் எவனோ எப்போதும் கீறி வைப்பானே, அதே மாதிரி. மூன்று வாரமாக என் பெயரில் ஊரெல்லாம் ஓடிய பஸ்ஸுக்குள் நான் ஒருமுறைகூட ஏறியதில்லை.

அவன் என்னைப் பார்த்தான். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்தேன்.

"என்னடா, எப்படி இருக்கு?" ராகேஷ் சட்னியோடு திரும்பினான்.

ஜெயபாண்டி சட்டென்று பஸ்ஸை விட்டு வெளியே வந்தான். "நல்லாருக்குண்ணே. சீட்டெல்லாம் ரொம்ப மெனக்கெட்டுச் செஞ்சிருக்காக."

பிறகு நான் தீர்மானத்தை வாசித்தேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். ஜெயபாண்டியும் தூக்கினான். "தூக்கிட்டேன்ல, வாரேண்ணே. அஞ்சரைக்கு ஒரு வண்டி இருக்கு," என்று கிளம்பினான். நான் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்பைக் குத்தினேன். கடைசியில் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

அவன் பஸ் வாடிப்பட்டி சேர்வதற்குள் நான் முப்பது ரூபாய் கார்டு ஒன்று வாங்கிச் சுரண்டி, பதினாறு இலக்க நம்பரை என் போனிலிருந்தே அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

'எந்த பஸ்ஸுக்குண்ணே?'

'உன் பஸ்ஸுக்கு' என்று அடித்தேன். இரண்டே சொல். அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். அழித்தேன். 'நன்கொடை. இப்படிக்கு, தலைவர்' என்று அனுப்பினேன்.

இந்த முறை பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

'நன்கொடைன்னா வேணாம்ணே. நம்பர நான் ஏத்தல. நீங்களே ஏத்திக்கங்க.' கீழே அந்தப் பதினாறு இலக்கமும், ஒன்று விடாமல்.

நானே ஏற்றிக்கொண்டேன். வரி போக இருபத்துமூன்று ரூபாய்ச் சொச்சத்துக்குப் பேசலாம் என்று போன் சொன்னது. வாடிப்பட்டிக்கு நிமிஷம் ஒரு ரூபாய்தான். அந்த மாதம் முழுக்க அந்தக் காசு அப்படியே இருந்தது.