லீவன் கூப்பிட்ட மரியா

கெண்ட் நகரில் எரிக்கப்பட்ட நெசவாளி லீவனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அவருடைய கடைசி வார்த்தை மட்டும் என்னிடம் இல்லை. விசுவாசத்துக்காக இறந்தவர்களின் வரலாற்றை எழுதுகிறேன். அதில் கடைசி வார்த்தை சொல்லாமல் ஒருவரும் சாவதில்லை.

எரித்தபோது அருகில் நின்ற மீன்காரி கோலெட், எங்கள் புராட்டஸ்டன்ட் சபையாரைப் போலவே தப்பி எம்டன் துறைமுகத்துக்கு வந்திருந்தாள். அவளையும் லீவனின் மனைவியையும் என் அறைக்கு வரச் சொன்னேன்.

"'மரியா'ன்னு கத்துனாரு ஐயா," என்றாள் கோலெட். "தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

பேனாவைக் கீழே வைத்தேன். மாதா மரியாவிடம் வேண்டமாட்டேன் என்று சொன்னதற்காகத்தான் கத்தோலிக்கர்கள் லீவனைப் பிடித்தார்கள். கடைசியில் அவளையே கூப்பிட்டார் என்றால், நெருப்பைப் பார்த்து மனம் மாறிவிட்டார் என்றாகும். என் புத்தகத்தில் அவருக்கு இடமிருக்காது.

"கர்த்தரேன்னு சொல்லியிருப்பாரும்மா. நல்லா யோசிச்சுப் பாரு."

"பன்னிரண்டு பொம்பளைங்க கத்துற சந்தையில யாரு என்ன விலை கேட்டான்னு சொல்ற காது இது. இதையா சந்தேகப்படுறீங்க?"

கதவோரம் நின்ற லீவனின் மனைவியைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது: அவளுடைய ஞானஸ்நானப் பெயர் மரியா.

"உங்களைத்தான் கூப்பிட்டிருக்கார்!"

"என்னையா?" அவள் குழம்பினாள். "வீட்டுல ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொன்னதில்லையே. 'மைக்கன்'னுதான் செல்லமா கூப்பிடுவாரு. கோவம் வந்தா, 'ஏய் வாத்து'."

"அட, ஊரே நிக்குது. அங்க போயி வாத்துன்னா கூப்பிடுவாரு?" என்றாள் கோலெட்.

"ஊருக்காகப் பேச்சை மாத்துற ஆளா இருந்தா எரிச்சிருக்க மாட்டாங்களே," என்றாள் மனைவி.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சின்ன வயசுல அவங்கம்மா மாதா ஜெபம் சொல்லித்தான் தூங்க வைப்பாங்களாம். பயத்துல மனசு எங்க ஓடுச்சோ."

"'ஆமா, என்னைத்தான்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் புத்தகத்துல இருப்பார்."

"எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனா நீங்க எழுதிட்டா நானே நம்பிடுவேன். நெசமா யாரைக் கூப்பிட்டாருன்னு அப்புறம் யாரு யோசிப்பா?"

நான் எழுதினேன்: 'லீவன், மரியா என்று உரக்கக் கூப்பிட்டபடி இறந்தார். அவர் மனைவியின் பெயர் மரியா.' வாசித்துக் காட்டினேன். இரண்டு வரியும் உண்மை. சேர்த்துப் படித்தால் பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் ஆமான்னு சொல்லலையே," என்றாள்.

"நானும் அப்படி எழுதலையே."

"அப்ப யாருதான் சொல்றது?" என்றாள் கோலெட்.

லீவனின் மனைவி தாளருகே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "கடைசியா வாசிச்ச வரியை அடிச்சிடுங்க," என்றாள்.

"அடிச்சா, அவர் மாதாவைக் கூப்பிட்டாருன்னுதான் எல்லாரும் படிப்பாங்கம்மா."

"படிக்கட்டும். என்னைன்னும் சில பேரு படிப்பாங்க."

அந்த வரியை அடித்தேன். தாளில் ஒரே ஒரு மரியா மிஞ்சினாள். அச்சகத்துக்குப் போகும் தாள்கட்டோடு சேர்ப்பதா, விலக்கி வைத்த கட்டோடு சேர்ப்பதா என்று கை இரண்டு முறை போய் வந்தது. அச்சகத்துக்குப் போகும் கட்டோடு சேர்த்தேன். ஏன் என்று சபையார் கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை.