பூசி மெழுகிய முகம்

நாத்தனார் மகனின் காதுகுத்துப் படம் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தபோது யுவராணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாத்தனார் அப்படியே இருந்தாள், மாமியார் சென்னம்மாள் அப்படியே இருந்தாள், யுவராணியின் முகம் மட்டும் பட்டி பார்த்த சுவர் மாதிரி வழவழவென்று இருந்தது. பருக்கள் போனது போகட்டும், உதட்டுக்குக் கீழே பிறந்ததிலிருந்து இருந்த மச்சத்தையும் காணோம். சொந்தக்காரர்கள் வரிசையாகப் பூவும் இதயமும் போட்டிருந்தார்கள்.

செய்தவன் அவள் புருஷன் அருள்குமார். கடத்தூர் கடைவீதியில் கல்யாண ஆல்பம் தயாரித்துக் கொடுக்கிறான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு அழிப்பதுதான் அதில் பாதி வேலை. பெண்ணுக்கு இருக்கும், மாப்பிள்ளைக்கு இருக்கும், தோழிக்கும் மச்சினனுக்கும் இருக்கும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிற ஒன்றை வைத்துப் பிழைக்கிறவன், வீட்டுக்கு வந்ததும் ‘பொரிஞ்ச மூஞ்சிங்க’ என்று துப்பாத குறையாகப் பேசுவான். அந்த மூஞ்சிகள் போட்ட சோற்றைத்தான் தின்கிறோம் என்கிற கூச்சம் அவனுக்கு இருந்ததில்லை.

பள்ளிக்கூட நாளில் ஒன்றுகூட வராத யுவராணிக்கு, மகள் பிறந்த பிறகு தாடையோரம் ஆரம்பித்துக் கன்னமெல்லாம் ஏறியது. பார்த்தவர்களெல்லாம் வைத்தியர்கள் ஆனார்கள். ஒருத்தி எண்ணெய்ப் பலகாரம் என்றாள், ஒருத்தி மலச்சிக்கல் என்றாள், பால்காரர் உடம்புச் சூடு என்றார். கேட்காமலே சொன்னார்கள். முகம் கழுவச் சோம்பல் என்று தீர்ப்பே சொல்லிவிட்ட மாமியார், மருந்துக்கடையில் தானே கேட்டு ஒரு ட்யூப் வாங்கி வந்தாள். பூசிய வாரம் முகம் பளபளத்தது. நிறுத்தினால் இரண்டு மடங்காகப் பொங்கியது. மறுபடி பூசினாள்.

தர்மபுரியில் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு அருள்குமார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பருவுக்கெல்லாம் எவனாச்சும் டாக்டருகிட்ட போவானா? வயசுப் புள்ளைன்னு நெனப்பா? அதான் போட்டோவுல அழிச்சுட்டேன்ல.”

மறுநாள் அவளே பஸ் ஏறினாள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சுகள் நிறைந்திருந்தன. துப்பட்டாவால் கன்னத்தை மூடிய கல்லூரிப் பெண், சீருடையோடு ஒரு கண்டக்டர், நாற்பது வயதைத் தாண்டிய டீச்சர். தன்னைப்போல இத்தனை பேரா என்று ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் முகம் கழுவச் சொல்ல ஓர் ஆள் இருக்கும்.

டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்.

“இதுல ஸ்டீராய்டு இருக்குதுங்க. இதுவே பருவக் கெளப்பி விடும். அழுக்கால வர்றது இல்லைங்க இது. ஹார்மோன் மாறும்போது தோலுக்குள்ள எண்ணெ ஜாஸ்தியா சுரக்கும், துவாரம் அடைச்சுக்கும். இத நிறுத்துனா மொதல்ல இன்னும் பொங்கும். பயந்துக்கிட்டுத் திரும்பப் பூசிராதீங்க.”

சொன்னபடியே பொங்கியது. டாக்டர் கைராசி என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சமயம் பார்த்து அருள்குமாரின் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. படம் எடுக்கையில் அவன் யுவராணியைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னான். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“அழிச்சுப் போட்டீங்கன்னா, அது நான் இல்லைன்னு குரூப்புலயே எழுதுவேன்” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்தப் படத்தை அவன் யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்காமல் அனுப்பவும் துணிச்சல் இல்லை, அழித்துவிட்டு அனுப்பவும் துணிச்சல் இல்லை. இவ்வளவுதானா இந்த ஆள் என்று அவளுக்குத் தோன்றியது.

மாதங்கள் போயின. பருக்கள் அமுங்கித் தழும்புகள் மட்டும் நின்றன. சித்திரை வெயிலில் கரண்ட் போன ஒரு மத்தியானம், அருள்குமார் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். பனியனுக்கு அடியில் கழுத்திலிருந்து இடுப்புவரை சிவந்த கட்டிகள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த முதுகுதான். ஒரு நாளும் ஒரு வார்த்தைகூட அவள் அதைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

“அந்த டாக்டரு முதுகுக்கெல்லாம் பாப்பாங்களா?” என்றான் சுவரைப் பார்த்து.

பனியனில் அங்கங்கே ரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தெடுக்க அவன் கையைப் பின்னால் வளைத்து வளைத்துப் பார்த்தான். எட்டவில்லை. கதவருகே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.