கையில் வாங்காத வீடு

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைத் திரைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நகர்ந்தாள் ரமீஜா. அந்தப் பக்கம் மாமனார் சுபான் பாயின் உடலை ஆண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாட்களில் தினமும் மதகடிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வில்லியனூர் வந்து, அவருக்குக் கஞ்சி ஊட்டிப் படுக்கை மாற்றியவள் அவள்தான். இன்றைக்கு வெந்நீரோடு சரி.

புருஷனின் அண்ணன் ஜாபரும் நாத்தனார் மெகருனிசாவும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் இந்த வீட்டால் வந்த வினை. ரமீஜாவின் புருஷன் பைக் விபத்தில் தகப்பனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அப்படிப் போனவனின் பிள்ளைக்கு, பெரியப்பன் உயிரோடு இருக்கையில், தாத்தா சொத்தில் பங்கு கிடையாது. அது மார்க்கச் சட்டம். பேத்தி ஆஃப்ரினை நினைத்துத்தான் சுபான் பாய், நல்லாயிருந்தபோதே பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தை வரவழைத்து, இந்த வீட்டை ரமீஜாவுக்கு ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுப்பதாகச் சொன்னார். அவளும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள்.

அடக்கம் முடிந்து வந்தவர்களின் காலிலிருந்து மண்கூட உதிரவில்லை. ஜாபர் பேச்சை எடுத்துவிட்டான்.

"வூட்டுக்கு இன்னா வழி ஹஜ்ரத்? எனக்கு ரெண்டு பங்கு, தங்கச்சிக்கு ஒண்ணு. அவ்ளோதான?"

"உங்க அத்தா இத ரமீஜாவுக்குக் குடுத்தாருப்பா. என் கண்ணு முன்னாடி."

"வாயால குடுத்தா ஆச்சா? கடைசி வரிக்கும் இங்கதான இருந்தாரு!"

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கதவோரம் நின்ற ரமீஜாவின் பக்கம் திரும்பினார்.

"ஹிபான்னா சொன்னா மட்டும் பத்தாதும்மா. அவரு வெளிய போயி நீ உள்ள வந்திருக்கணும். இல்ல, சாவியாவது உன் கைக்கு வந்திருக்கணும். வந்துச்சா?"

பள்ளிவாசலை ஒட்டிய அறைக்குக் குடிபோக மாமனார் பெட்டி கட்டி நின்ற காலை ரமீஜாவின் நினைவுக்கு வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. "புடி சாவிய. இனிமே உன் வூடு" என்று நீட்டினார். "காய்ச்சலோட எங்க மாமா போறீங்க? படுங்க. வூடு எங்க ஓடிப் போவுது?" என்று அதட்டி, சாவியை அவர் தலையணைக்கடியிலேயே திரும்ப வைத்தாள். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை.

அப்போது அங்கே வேறு யாரும் இல்லை. ஆமாம் என்றால் போதும், ஆஃப்ரினுக்கு ஒரு கூரை கிடைத்துவிடும். மாமாவே இருந்தால்கூட, ஆமான்னு சொல்லித் தொலையேம்மா என்றுதான் திட்டியிருப்பார். ரமீஜாவுக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவரைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த ஈரம் காயாத அந்தக் கைகளுக்கு முன்னால், அவர் பேரில் ஒரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"குடுத்தாரு ஹஜ்ரத். நாந்தான் வாங்கல."

"அப்போ ஹிபா செல்லாதும்மா" என்றார் ஹஜ்ரத். ஜாபர்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ரமீஜாவுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகு அவரைப் படுக்க வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? கிழவர் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்ததைப் பாசம் என்ற பேரில் பாழாக்கி, பெற்ற பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாளே.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறும் பருப்பும் கொண்டுவந்து இறக்கினார்கள். மெகருனிசா பாயை விரித்தாள். காலையிலிருந்து இல்லாத கனிவு அவள் குரலில் இருந்தது.

"ரமீஜா, நீயும் புள்ளயும் ஊருக்குப் போவணுமில்ல. வெளியூர்க்காரங்களோட மொதப் பந்தியிலயே ஒக்காந்துடுங்க."

ரமீஜா கை கழுவிவிட்டு வந்து, மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். மெகருனிசா சோறு வைத்தாள்.

"கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்புடுங்க."

ரமீஜா விருந்தாளியைப் போலத் தலையாட்டிவிட்டு, ஆஃப்ரினின் தட்டில் பருப்பை ஊற்றிப் பிசைந்தாள்.