பின்சீட்டில் பேச்சில்லை

போன வாரம் மலைக் கணவாய் ஏற்றத்தில் ஜீப் மூச்சு வாங்கி நின்றுபோனதிலிருந்து அவளுக்கு அந்த வண்டியை நம்ப முடியவில்லை. பத்தே நிமிஷம்தான் நின்றது. ஆனால் பின்சீட்டில் புருஷன் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்ட மனுஷர். வாரத்துக்கு மூன்று தரம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டிவர வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும். இரண்டு தரம் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டபோது, டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

அதனால்தான் தம்பியின் பட்டறைக்கு வந்தாள். தம்பி ஜீப்புக்கு அடியில் படுத்துப் பழைய சைலன்சரை ஸ்பானரால் தட்டினான். உள்ளே என்னவோ கலகலவென்று உருண்டது.

"உள்தகடு கழண்டு வழியை அடைச்சிருக்குக்கா. இது டர்போ எஞ்சின். இழுத்த காத்தைத் தாராளமா வெளியே விடணும். மூக்கைப் பொத்திக்கிட்டு மலை ஏறுன்னா எது ஏறும்?"

அவன் மூன்று வழி சொன்னான். கம்பெனிச் சைலன்சரையே வரவழைக்கலாம். ஒரு மாதம் ஆகும். அதைவிடப் பருமனான மூன்று அங்குலக் குழாயைப் பின் அச்சுக்கு மேலே வளைத்து, வண்டியின் வால் வரைக்கும் கொண்டுபோகலாம். வளைத்துப் பற்றவைக்க இரண்டு நாள். இல்லாவிட்டால் அதே பருமனில், பின் சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வெளியே திருப்பிவிட்ட குட்டைக் குழாய். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். கல்லிலும் இடிக்காது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி முறை. இரண்டு நாளுக்கு எங்கே போவாள்?

"குட்டையே போடு," என்றாள்.

புருஷன் பட்டறை நாற்காலியில் சாய்ந்தபடி, "சத்தம் நல்லா வர்ற மாதிரி போடு மச்சான். உங்கக்கா வர்றது நாலு தெரு முன்னாடியே தெரிஞ்சா, ஜனங்க ஓடி ஒளிய வசதியா இருக்கும்," என்றார்.

"நீங்க முதல்ல ஒளியுங்க மாமா. பின்சீட்டுல இருந்து எங்க ஓடுவீங்க?" என்றான் தம்பி.

சாயங்காலம் எஞ்சினை முறுக்கிவிட்டு எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று கேட்டார்கள். சத்தம் நெஞ்சுக்கூட்டில் போய் உட்கார்ந்தது. முறுக்கியதும் வண்டி சீறியது. அவளுக்கு ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த மூச்சு வந்தது.

மறுநாள் காலைக் குளிரில் கண்ணாடியை எல்லாம் ஏற்றிக்கொண்டு, அவரை முன்சீட்டில் உட்காரவைத்துப் போனாள். ஜீப் கணவாயை ஒரே மூச்சில் தாண்டியது. வினை திரும்பும்போது வந்தது.

இயந்திரத்தை விட்டு எழுந்தால் அவர் துவைத்துப் பிழிந்த துணி மாதிரிதான் இருப்பார். பின்சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"வயித்தைப் புரட்டுது. இந்தக் கண்ணாடியைப் பாதி இறக்கு, காத்து வரட்டும்."

இறக்கிவிட்டாள். பாதி ஏற்றம் வரைக்கும் பேச்சு இருந்தது. அவள் ஓட்டுகிற லட்சணத்தைச் சொன்னார். அவளுடைய பெரியப்பா கல்யாண வீட்டில் தடுக்கி விழுந்ததைச் சொன்னார். பிறகு "உம்" மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

தூங்குகிறார் என்று நினைத்தாள். சிகிச்சை முடிந்தால் தூங்குவது வழக்கம்தானே. அந்த வழக்கம்தான் அவளை ஏமாற்றப் பார்த்தது.

"ஏங்க," என்றாள். குழாயின் உறுமலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஏங்க, என் பெரியப்பா அப்புறம் எழுந்தாரா இல்லையா?"

தன் நெற்றிப்பொட்டும் தெறிப்பதை அப்போதுதான் கவனித்தாள். பயத்தில் வந்த தலைவலி என்றுதான் முதலில் நினைத்தாள். ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம், நிறுத்த இடமில்லை. அடுத்த வளைவு வரைக்கும் ஓட்டிய அந்தக் கொஞ்சத் தூரத்தில், அவர் இல்லாத வீட்டின் ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்வந்துவிட்டாள்.

வண்டியை ஒதுக்கி, இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தாள். புகை நாற்றம் முகத்தில் அறைந்தது. கதவுக்கு நேர் கீழே குழாயின் வாய். அது கக்கியதெல்லாம் பாதி திறந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்து, படுத்திருந்தவரைச் சுற்றித் தேங்கியிருந்தது.

எஞ்சினை அணைத்தாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து அவரை இழுத்தாள். தலை அவள் தோளில் தொங்கியது. சாலையோரக் கல்லில் சாய்த்து, முகத்தில் தண்ணீர் அடித்துக் கன்னத்தைத் தட்டினாள். உதடு அசையவில்லை. எத்தனை முறை தட்டினாள் என்பது அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவர் இருமினார், குனிந்து வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார்.

"இப்படியா அடிப்ப?" என்றார்.

அவள் அழவில்லை. அழ நேரமில்லை. வீட்டுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது; திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவ்வளவு தூரம்தான். அதே வண்டியில்தான் போயாக வேண்டும். அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கட்டினாள். பின்கண்ணாடிகளை ஏற்றி, முன்கண்ணாடிகளை முழுசாக இறக்கினாள்.

"பேசிக்கிட்டே வாங்க. எதை வேணும்னாலும் பேசுங்க."

"என்ன பேச?"

"எங்க வீட்டு ஆளுங்களைத் திட்டுங்க."

அவர் குழறிக் குழறித் திட்டினார். குரல் தேயும்போதெல்லாம் அடுத்த ஆளின் பேரை எடுத்துக் கொடுத்தாள். பெற்றவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அவள் வம்சத்தில் திட்டு வாங்காதவர் ஒருத்தரும் மிச்சமில்லை.

அவரைப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டு நர்ஸைத் துணைக்கு வைத்துவிட்டு, நேரே பட்டறைக்குப் போனாள். தம்பி கேட்டுவிட்டு, குனிந்து குழாயின் வாயைப் பார்த்தான்.

"எல்லாரும் வெளியே நின்னுதான் பார்த்தோம்க்கா," என்றான். "உள்ளே ஒருத்தரும் உட்காரலை."

"நான்தான் குட்டையைப் போடச் சொன்னேன்."

"சொன்னா? எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

குழாயை அறுத்தெடுத்தான். அடுத்த முறை நாளை மறுநாள் காலை. தெரிந்த வெல்டர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டான். மறுநாள் மதியம் நீளக்குழாய் பின் அச்சைத் தாண்டி வால் வரைக்கும் போய் நின்றது. இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புநுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை.

"ஓட்டிப் பாருக்கா."

"நீ ஓட்டு," என்றாள்.

பின்கதவைத் திறந்து, அவர் படுக்கிற அதே இடத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டாள். ஜீப் ஏறியது. கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்து மோந்தாள். முழுசாக ஏற்றி மோந்தாள். காற்று வெறும் காற்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் தன் மூக்கை நம்ப அவளுக்குத் துணிவு வரவில்லை. அவர் மூக்கும்தானே அந்தக் காற்றை நம்பியது.

கணவாய் உச்சியில் தம்பி வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா, தலை வலிக்குதா?"

"இல்லை."

"அப்ப திரும்பட்டுமா?"

அவள் கண்ணாடியை மறுபடி பாதி இறக்கினாள்.

"கீழே போயிட்டு இன்னொரு தரம் ஏறு," என்றாள். "மெதுவா ஏறு. நான் பேச்சை நிறுத்தினா வண்டியை நிறுத்து."