குறை ஏதும் இல்லை, தேதி மட்டும் காலி

1

இந்தக் கதை ஒரு பேரிடியில் பிறந்தது என்று தொடங்கத்தான் ஆசை. உண்மையில் பிறந்தது சோம்பேறித்தனத்தில். ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் ஊதித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு டைப்பிஸ்ட் அக்கா. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆயிரம் (சரி, நாற்பது) ஆய்வறிக்கைகளை அடித்து அடுக்கிவிடுவார்: ‘இயந்திரத் தடுப்புகள் சரி. தொழிலாளர்கள் நலம். குறை ஏதும் இல்லை.’ தேதி மட்டும் காலி. ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழாமலே தேதி முத்திரை குத்துவார்.

2

வானம் பிளந்து விழுந்தது போல— (வேண்டாம். வானம் அப்படியேதான் இருந்தது.)

அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரம் ஒரு பெண்ணின் வலது கையைத் துண்டித்தது. வேலை வேகமாக நடக்கட்டுமென்று முதலாளியே தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார். பதறிய ஆய்வாளர், போன மாதமே பார்வையிட்டதாகக் காட்ட, அந்த அடுக்கில் ஒரு தாளை எடுத்து முத்திரை குத்தி நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

நகலைப் பார்த்த அக்கா ஆய்வாளரிடம் ஓடினார்.

“சார், கை போனது பன்னிரண்டாம் தேதி. இது இந்த மாசம் பதிமூணுன்னு இருக்கு. மறுநாள் எல்லாரும் நலமாம்!”

“ஐயையோ! முத்திரையில நாளைத் திருப்பினேன், மாசத்தைத் திருப்பலையேம்மா!”

3

அன்றுதான் அக்கா சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். பொய் அறிக்கை தந்த அதிகாரிக்குச் சிறை. தடுப்பைக் கழற்றிய முதலாளிக்குச் சிறை. அடுத்த வரியில் விரல் நின்றது: தெரிந்தே உதவியவருக்கும்.

(அடிக்குறிப்பு: எத்தனை ஆண்டு என்று என்னைக் கேட்காதீர்கள். இருபது என்பேன், நம்பிவிடுவீர்கள்.)

நீதிமன்றத்தில் ஆய்வாளர் கூசாமல் சொன்னார்: “போன மாசமே நேர்ல பார்த்தேங்க. தேதி குத்தினது டைப்பிஸ்ட்.” அது எடுபட்டால் முதலாளி தப்பினார், தடுப்பை அவளே கழற்றினாள் என்று பழி கை இழந்தவள் மேல். அவள் முதல் வரிசையில், வெற்றுச் சட்டைக்கையை மடித்து ஊசி குத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய வக்கீல், சாட்சிக் கூண்டில் நின்ற அக்காவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. இந்தத் தாளை எப்ப அடிச்சீங்க?”

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார், அவரும் உள்ளே போகிறார்.

முடிவு இரண்டு: ‘ஞாபகம் இல்லைங்க.’

முடிவு மூன்று—

அதை எழுதுவதற்காக அந்த நகலை மறுபடி எடுத்தேன். அடியில், ‘நேரில் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே, பொடியாக ஒரு சுருக்கொப்பம். என்னுடையது. நாற்பது தாளிலும் ஒரே மூச்சில், டீ ஆறுவதற்குள் போட்டிருக்கிறேன். இதில் இம்மியும் மிகை இல்லை.

அக்கா கூண்டில் நிற்கிறார். அவரைப் பேசச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பேனா என்னிடம் இருந்தால், வாயை மூடச் சொல்லிவிடுவேன்.